முப்பத்திரண்டு முகவரிகள்

இரண்டாம் பாடவேளைக்கு மணி அடித்தபோது சிசிலி டீச்சர் கரும்பலகையில் இதயத்தை வரைந்துகொண்டிருந்தாள். சிவப்புச் சோக்கு தீர்ந்துவிட்டதால் இரத்தம் போகும் வழியெல்லாம் மஞ்சளாக இருந்தது. அவள் பார்த்து வரைந்த தாள் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் டக்ளஸ் நடத்தும் நெட் கபேயில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தது. படத்துக்குக் கீழே இருந்த தமிழ் எழுத்துகள் பாதிக்கு மேல் கட்டங்கட்டமாக விழுந்திருந்தன. அவற்றை அவளே பேனாவால் எழுதி நிரப்பியிருந்தாள். வால்வு என்றால் என்ன என்று சொல்ல இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, விரல் நுனிகளை மட்டும் விரித்துக் காட்டினாள். “இப்படித் தொறக்கும். ரத்தம் போகும். இப்படி மூடிக்கும். போனது திரும்பி வர முடியாது.” தரம் பதினொன்றின் முப்பத்தொரு பிள்ளைகளும் கைகளைச் சேர்த்து விரித்து மூடினார்கள். அப்போதுதான் அதிபர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

அலுவலகத்தில் அதிபர் தம்பிஐயாவுக்கு எதிரே வலயக் கல்வி அலுவலகத்தின் கணினிக் கல்வி ஆலோசகர் கஜதீபன் உட்கார்ந்திருந்தான். இளைஞன். நல்ல சப்பாத்துப் போட்டிருந்தான். இவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“வாழ்த்துக்கள் டீச்சர். வலயத்திலேயே உங்கட பள்ளிக்கூடம்தான் முதலிடம். இணையக் கல்வி வளங்களைச் சிறப்பாப் பாவிச்ச பாடசாலை. விருது பொறுப்பாசிரியருக்கு. அதாவது உங்களுக்கு.”

வேறு பாடசாலையோடு மாற்றிக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் சிசிலி முதலில் நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. கஜதீபன் கோப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். ஆறு படிவங்கள், பள்ளித் தவணைக்கு ஒன்றாக, இரண்டு வருடத்துக்கு. இணைய வளங்களைப் பயன்படுத்திய மாணவர் தொகை எண்பத்தேழு. வாராந்த மணித்தியாலம் பத்து. பொறுப்பாசிரியர் செல்வி அ. சிசிலி. எல்லாம் தம்பிஐயாவின் அழகான, சரிந்த கையெழுத்தில். ஆறு படிவங்களையும் அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எண்பத்தேழு எந்த இடத்திலும் எண்பத்தெட்டாகவோ எண்பத்தாறாகவோ மாறவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டுப் போகவில்லை, ஒன்றும் புதிதாக வரவில்லை, ஒன்றுக்கும் காய்ச்சல்கூட வரவில்லை.

அந்தப் பாடசாலை மஸ்கெலியாவிலிருந்து ஆறு மைல் மேலே, தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் ஐந்து கணினிகள் ஒரு லொறியில் வந்து இறங்கின. பழைய நூலக அறைக்கு இரும்புக் கம்பி அடித்து, இரண்டு பூட்டுப் போட்டு, அவற்றை உள்ளே வைத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய ஆள் ஒருவர் வருவார், அதுவரை தொடக்கூடாது என்றார்கள். பெரிய ஆள் வரவில்லை. தொலைபேசி இணைப்பு வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. வந்தது ஒரு சுற்றறிக்கைதான். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயனுள்ள இணையத்தளங்கள் என்று தலைப்புப் போட்டு, இலக்கமிட்டு, முப்பத்திரண்டு முகவரிகள். கடந்தகால வினாத்தாள்கள், செய்முறைகள், படங்கள், அகராதி, மாதிரிப் பாடங்கள். மாணவர்கள் இவற்றில் பரிச்சயம் பெற்றிருத்தல் வேண்டும் என்று கடைசி வரி சொன்னது. தம்பிஐயா அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தார். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னார். பிள்ளைகள் பாடமாக்கினார்கள். ஜெனுஷா என்கிற பெண் முப்பத்திரண்டையும் ஒரு எழுத்துப் பிசகாமல், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

கண்டவள் சிசிலிதான். சனிக்கிழமைகளில் மஸ்கெலியாவுக்கு இறங்கி, பஸ் பிடித்து ஹட்டன் போய், டக்ளஸின் கடையில் ஒரு மூலையில் உட்காருவாள். அந்த முகவரிகளில் பாதி திறக்காது. திறப்பவற்றில் தமிழ் என்ற இடத்தை அழுத்தினால் ‘விரைவில்’ என்று வரும். இருந்தாலும் ஐந்தாறு தளங்கள் தங்கமானவை. எங்கோ யாரோ ஆசிரியர்கள் குந்தியிருந்து, தமிழில் தட்டி, படம் வரைந்து, காசு வாங்காமல் போட்டிருந்தார்கள். ஒன்றில் இதயம் அசைந்தது. இரண்டரை நிமிடப் படம். அது இறங்கி முடிக்க நாற்பது நிமிடம் எடுத்தது. வால்வின் இதழ்கள் திறந்து மூடுவதை அவள் அன்று மூன்று தடவை பார்த்தாள். பதினொரு வருடமாகப் படிப்பிக்கிற விஷயத்தை அன்றுதான் தானே பார்த்தாள் என்பதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. திங்கட்கிழமை அறையைத் திறந்துவிடும்படி அதிபருக்குக் கடிதம் எழுதினாள். அது நான்காவது கடிதம். நான்குக்கும் தம்பிஐயா திகதி முத்திரை குத்தி, துளை போட்டு, கோப்பில் போட்டிருந்தார்.

“இது என் பேரு சேர்” என்றாள் சிசிலி, படிவத்தில் விரலை வைத்து. “என் கையெழுத்தையும் நீங்களே போட்டிருக்கீங்க.”

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவகச்சேரிக்காரர். மலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வீட்டுக்குப் போகும் பாதை அடைபட்டு, மனைவியைப் பார்த்தே ஒன்றரை வருடமாகியிருந்தது. ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம். “முதல்தரம் நான் சைபர் எண்டுதான் பிள்ளை எழுதினனான். சிவப்புப் பேனையால வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிப்போட்டினம், சைபர் ஏற்கப்படமாட்டாது எண்டு. பிறகு நான் என்னத்தை எழுதிறது?”

“கதவைத் தொறந்துட்டு எழுதியிருக்கலாம்.”

“ஒண்டு களவு போனால் ஆர் பொறுப்பு? நான் கையெழுத்து வைச்சு எடுத்த சாமான்.”

சிசிலிக்குக் காதுகள் சுட்டன. இந்த மனிதர் களவு போகும் என்று பயந்த பொருளை இரண்டு வருடமாகத் தானே எண்பத்தேழு பிள்ளைகளிடமிருந்து களவெடுத்து வைத்திருக்கிறார் என்பது அவருக்கு விளங்கவே விளங்காது. அவர் கெட்டவரில்லை. மழைக்குள் வருகிற பிள்ளைகளுக்குத் தான் தங்கியிருக்கும் காம்பராவிலிருந்து தலை துவட்டத் துவாய் எடுத்துக் கொடுக்கிறவர்தான். அதுதான் இன்னும் ஆத்திரமூட்டியது. கெட்டவராக இருந்தால் ஏசிவிட்டுப் போய்விடலாம்.

கஜதீபன் குரலைத் தாழ்த்தினான். “டீச்சர், கோபப்படாதேங்கோ. வாற வியாழன் மாகாணக் கல்வித் திணைக்களத்தில இருந்து பெரியவர் நேரில வாறார். இந்த வருசம் அஞ்சு பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் இணைய இணைப்பு. அவர் வந்து பார்த்துச் சந்தோசமாப் போனால் முதல் லைன் இஞ்சைதான். நான் பொறுப்பு. நீங்கள் இப்ப உண்மை கதைச்சால் லைனும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளையளைப் பற்றி யோசியுங்கோ.”

சிசிலி பிள்ளைகளைப் பற்றி யோசித்தாள். கரும்பலகையில் மஞ்சளாகக் கிடக்கும் இதயத்தைப் பற்றி யோசித்தாள். சரி என்றாள். யாரும் அவள் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அறையைத் திறந்தார்கள். இரண்டாவது பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே எலி மூத்திர வாடை. கணினிகள் பிளாஸ்டிக் உறை போட்டபடியே இருந்தன. ஒரு பெட்டியைத் தூக்கியபோது உள்ளேயிருந்து காகிதத் துகள் கொட்டியது. கணினியை இயக்குவது எப்படி என்று கூடவே வந்த கையேட்டைக் கொறித்து எலி அதற்குள் குட்டி போட்டிருந்தது. ஐந்தில் மூன்றுதான் உயிர்பிடித்தன. கஜதீபன் ஒரு சீடி கொண்டுவந்தான். சில தளங்களின் முன்பக்கங்களை அதில் நகலெடுத்து வைத்திருந்தான். திரையில் போட்டால் அசல் இணையம் போலவே தெரிந்தது. எதையும் அழுத்தக்கூடாது, அவ்வளவுதான். அழுத்தினால் அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் கைகளைச் சீருடையில் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தார்கள். நாற்காலி நுனியில், கோயிலுக்குள் இருப்பதுபோல. கேட்கக்கூடிய கேள்வி மூன்று, சொல்ல வேண்டிய பதில் மூன்று என்று கஜதீபன் எழுதிக் கொடுத்ததைச் சிசிலிதான் பாடமாக்க வைத்தாள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? பத்து மணித்தியாலம் சேர். யார் சொல்லிக்கொடுப்பார்? சிசிலி டீச்சர் சேர். எது பிடிக்கும்? விஞ்ஞானப் பாடங்கள் சேர். நன்றாகப் பேசுவாள் என்று ஜெனுஷாவை முன்வரிசையில் வைத்தார்கள்.

“டீச்சர்” என்றாள் ஜெனுஷா, மற்றவர்கள் போன பிறகு. “இது பொய்தானே?”

“லைன் வர்றதுக்காகத்தான்.”

“லைன் வந்தா அதுக்கப்புறம் நெசமாயிரும்?”

“ஆயிரும்.”

“அப்ப சரிங்க டீச்சர்.” அவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்றது சிசிலிக்கு உறைத்தது. ஆனால் அதை நின்று யோசிக்க நேரமில்லை. தோரணம் கட்ட வேண்டியிருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு வெள்ளை ஜீப் வந்தது. குத்துவிளக்கு, மாலை, சின்னப் பிள்ளைகளின் கும்மி. வந்தவர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. அலட்டல் இல்லாதவர். மாலையை உடனே கழற்றிப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டு, “முதலில் அறையைப் பார்ப்போம்” என்று சிங்களத்தில் சொன்னார். கஜதீபன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான். பின்சுவரோரம் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் ஜெனுஷாவின் தாய் மீனம்மாவும் இருந்தாள். மகள் பேசப்போகிறாள் என்று அரைநாள் வேலையை விட்டு வந்திருந்தாள். தைப்பொங்கலுக்கு உடுத்த சேலை.

மூன்று கேள்விகளையும் அவர் கேட்கவில்லை. ஜெனுஷாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, திரையைப் பார்த்து, வேறொன்று கேட்டார். “இந்தக் கிழமை இதில் என்ன பார்த்தாய், மகள்? உனக்கு ஆச்சரியமாக இருந்த ஒன்றைச் சொல்லு.” கஜதீபன் அதைத் தமிழில் சொல்லும்போது அவன் குரல் கம்மியது.

ஜெனுஷா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

“இதயம் பாத்தோம் சேர். அசையுற படம். நாம இங்க உக்காந்திருக்கிறப்போ உள்ளுக்குள்ள ஒரு கதவு தொறந்து தொறந்து மூடுது சேர். நாம தூங்குனாலும் அது தூங்காது. ரத்தம் வந்து முட்டும், தொறக்கும். போனதும் மூடிக்கும். திரும்பி வரணும்னு பாக்கும், விடாது. இப்படி.” இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரல் நுனிகளை விரித்து மூடினாள். “நேத்து ரெண்டு வாட்டி பாத்தோம் சேர்.”

அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தவள் அவள்தான் என்று நம்பாமல் இருக்க முடியாது. கண்கள் அப்படி மின்னின. பெரியவர் நிமிர்ந்தபோது அவருடைய முகமும் மலர்ந்திருந்தது. கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பின்சுவரோரம் மீனம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் கஜதீபனிடமிருந்து கோப்பை வாங்கி, நின்றபடியே ஏதோ எழுதி, எழுதியதைத் தன் உதவியாளருக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். சிசிலிக்கு விளங்கியது. இந்தப் பாடசாலையில் இணைய வசதி திருப்திகரமாக உள்ளது. இவ்வருடத்து ஐந்து இணைப்புகளையும் வசதியற்ற வேறு பாடசாலைகளுக்கு வழங்கலாம்.

அவர் செய்தது சரி. அவருடைய இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் எழுதியிருப்பாள். அதை உணர்ந்த அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. கஜதீபனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவனுக்கு இது முன்னமே தெரியும். விருதோடு அவனுடைய வேலை முடிந்தது. லைன் என்று ஒன்று அவன் கணக்கில் எப்போதும் இருந்ததேயில்லை.

“சேர், ஒரு நிமிஷம்” என்றாள் சிசிலி. “இந்த ரூம் ரெண்டு வருஷமா பூட்டிக் கெடந்துச்சு. முந்தாநாள்தான் தொறந்தாங்க. இங்க லைனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது சீடியில இருந்து காட்டுற படம். அந்த ஃபாரத்துல இருக்கிறது என் கையெழுத்து இல்ல.”

பெரியவர் கஜதீபனைப் பார்த்தார். கஜதீபன் புன்னகைத்தான். சிங்களத்தில், அழுத்தந்திருத்தமாக, ஐயா இவ்வளவு தூரம் வந்ததற்கு டீச்சர் நன்றி சொல்கிறார், இன்னும் இரண்டு கணினி கிடைத்தால் உதவியாக இருக்கும் என்கிறார் என்று சொன்னான்.

பெரியவருடன் வந்தவர்கள் மீண்டும் கைதட்டினார்கள். பெரியவர் தலையாட்டினார். வெளிக்கிடத் திரும்பினார்.

கேட்டால் பெரும்பாலும் விளங்கும், ஆனால் சிசிலிக்குப் பேசத் தெரிந்தது பஸ் சிங்களம், சந்தைச் சிங்களம். மரக்கறி விலை கேட்கவும் இறங்கும் இடம் சொல்லவும் போதுமானது. அதை வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றாள். “சேர்! மே ஒக்கொம பொரு!” என்று கத்தினாள். இதெல்லாம் பொய். “அவுருது தெகக் வஹலா. இன்டர்நெட் நே!” இரண்டு வருடம் மூடிக் கிடந்தது, இன்டர்நெட் கிடையாது. பொரு என்ற சொல்லை அறியாத குழந்தை மலையில் இல்லை. பின்சுவர்வரைக்கும் எல்லோருக்கும் விளங்கியது. யார் பொய் சொன்னது, யார் சொல்ல வைத்தது என்று சொல்ல அவளிடம் சிங்களம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சிங்களம் இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் அது அவளுக்குத் தோன்றியிராது.

பெரியவர் திரும்பி வந்தார். ஜெனுஷாவுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையில் ஓரிடத்தை அழுத்தினார். வெள்ளைப் பக்கம் வந்தது. இன்னொரு இடத்தை அழுத்தினார். மேசைக்குக் கீழே குனிந்து கம்பிகளைப் பார்த்தார். ஒரு கம்பியும் சுவருக்குப் போகவில்லை. எழுந்து, முழங்காலில் தூசு தட்டி, ஜீப்பில் ஏறினார். போகும்போது அவர் ஜெனுஷாவைப் பார்த்த பார்வை மட்டும் சிசிலிக்கு மறக்கவில்லை. கோபமில்லை. ஏமாந்த மனிதரின் பார்வை.

பெரியவருக்கென்று வாங்கிய கேக்கும் பட்டிஸும் மூடிய தட்டில் அப்படியே இருந்தன. தம்பிஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “என்ரை பென்சனையும் சேர்த்துக் கழுவி ஊத்திப்போட்டியள் பிள்ளை.”

“அந்தப் புள்ள பேசுனத கேட்டீங்களா சேர்? பாக்காதத அப்படிப் பேசுற புள்ள, பாத்திருந்தா என்ன பேசியிருப்பான்னு ஒருக்காவாவது யோசிச்சீங்களா?”

பன்னிரண்டு நாளில் லொறி வந்தது. பயன்படுத்தப்படாத உபகரணங்கள் என்று எழுதி, எலி குட்டி போட்டதையும் சேர்த்து, ஐந்து கணினிகளையும் நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் யன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார்கள். லொறிக்காரன் ஒரு கடிதமும் கொடுத்துவிட்டுப் போனான். அது சிங்களத்தில் இருந்தது. தம்பிஐயாதான் வாசித்துச் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல். பொறுப்பாசிரியர் என்ற வகையில் ஆறு தவணைகளுக்குப் பிழையான தரவு வழங்கியமைக்குச் செல்வி அ. சிசிலி பதினான்கு நாட்களுக்குள் விளக்கமளிக்க வேண்டும். தம்பிஐயாவின் பெயர் அதில் இல்லை. கஜதீபனின் பெயரும் இல்லை. படிவத்தில் இருந்தது அவள் பெயர்தானே.

“ஒரு மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிவிடுங்கோ பிள்ளை” என்றார் அவர். “பெரிசா ஒண்டும் செய்யமாட்டினம். இடமாற்றம்தான்.”

அவள் கடிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். அப்போதே எழுத வேண்டிய வசனங்கள் எல்லாம் அவளுக்குள் கொதித்தன. எல்லோருடைய பெயரையும் எழுதுவது, திகதியோடு எழுதுவது. வகுப்புக்குப் போய் வரவு இடாப்பு மார்க் பண்ணும்போதுதான் ஜெனுஷா நாலாவது நாளாக வரவில்லை என்பது உறைத்தது. ஏன் என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ மெல்ல “பொரு” என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இடைவேளையில் மீனம்மா வந்தாள். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. ஆசிரியர் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினாள், எல்லா ஆசிரியர்களுக்கும் கேட்க.

“எம்புள்ளைக்கு லயத்துல பேரு வச்சிருக்காங்க டீச்சர். பொரு ஜெனுஷாவாம். குழாயடிக்குப் போனா பொரு, கடைக்குப் போனா பொரு. ஒங்கள ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லணும்னு அவளா வந்து கேட்டா? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. சொல்லிக்குடுத்த வாயாலயே அத்தன பேரு முன்னுக்கு அவள பொய்க்காரியாக்கிட்டீங்க. நீங்க நல்ல பேரு எடுத்துட்டீங்க. அந்த பெரிய தொர எம்புள்ளைய பாத்த பார்வைய நான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“மீனம்மா, நான் வேணும்னு…”

“வேணும்னுதான் செஞ்சீங்கன்னு நான் சொல்லல. ஒங்களுக்கு ஆத்திரம். ஆத்திரப்பட ஒங்களால முடியும். எங்களால முடியுமா?” சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் அவள் மலைக்குத் திரும்ப வேண்டும்.

அன்று மாலை சிசிலி மீனம்மா குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் போனாள். ஜெனுஷா காம்பரா வாசலில் விறகு முறித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்தாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் சிசிலி யோசித்து வைத்திருந்த பேச்சு அந்தப் பெண்ணின் முகத்தைக் கண்டதும் நாக்கில் நிற்கவில்லை. “நான் செஞ்சது தப்பு” என்று மட்டும் சொன்னாள். “ஒன்னைய அதுல உக்கார வச்சதும் தப்பு. பேசுனப்போ ஒன்னைய மறந்ததும் தப்பு.”

ஜெனுஷா ஒரு சுள்ளியை முழங்காலில் வைத்து முறித்தாள். “நான் பொய் சொல்லல டீச்சர்.”

“தெரியும்.”

“ஒங்களுக்குத் தெரியாது. நீங்க வகுப்புல கையால காட்டுனீங்கல்ல? அப்ப நான் பாத்தேன். நெசமாவே தெரிஞ்சிச்சு. அதத்தான் சொன்னேன். நேத்துன்னு சொன்னது மட்டும்தான் பொய்.” அவளுக்கும் ஆத்திரம்தான். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் சொன்னதுல பாடம் சரியா, தப்பா?”

“சரி” என்றாள். “எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் விட்டுட்ட. வலப்பக்க வால்வுக்கு மூணு இதழ்.”

“மூணு” என்றாள் ஜெனுஷா. விறகை ஒருமுறை பார்த்து, தனக்குள் எழுதிக்கொள்வதுபோல மறுபடி சொன்னாள். “மூணு.”

உள்ளே அடுப்படியிலிருந்து மீனம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கோபம் போகவில்லை, கோப்பையை வைத்த சத்தத்தில் தெரிந்தது. “லொறிக்காரன் காயிதம் குடுத்தானாமே, அதுக்கு என்னா எழுதப் போறீங்க?” என்றாள்.

சிசிலி சொன்னாள். பூட்டு, படிவம், கையெழுத்து, சீடி, தப்பாக மொழிபெயர்த்தது, எல்லாம்.

“அதுல எம்புள்ள எங்க இருக்கா?”

சிசிலியின் மனதில் இருந்த கடிதத்தில் ஜெனுஷா இல்லை. எல்லாம் அவளுடைய பெயரும் அவளுடைய கையெழுத்துமாகவே இருந்தது.

“மொதல்ல அத எழுதுங்க. இந்தப் புள்ள பொய்க்காரி இல்ல, பெரியவங்க சொல்ல வச்சாங்கன்னு. அப்புறம் மத்தத எழுதுங்க. எங்க சாமான ஏத்திக்கிட்டுப் போனாங்களே, யாரக் கேட்டு ஏத்துனாங்கன்னு அதையும் எழுதுங்க. எண்பத்தேழு புள்ளைங்கன்னு போட்டாங்கல்ல, அந்த எண்பத்தேழு புள்ளைக்கும் ஆத்தா அப்பன் இருக்காங்க. நாளைக்கு பன்னெண்டு மணிக்கு கொழுந்து நிறுவைக்குக் கொண்டாங்க, நாங்களும் பேரு போடுறோம்.”

சிசிலி அன்று வீடு திரும்பி எழுதினாள். தமிழில் எழுதினாள். முதல் வரி ஜெனுஷாவின் பெயரில் தொடங்கியது. தன் தவறைத் தன் தவறாகவே எழுதினாள். ஒரு வரியில் அல்ல, ஒரு பக்கத்தில். மற்றவர்களுடையதை அதற்குப் பிறகு.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மலையில் தூறிக்கொண்டிருந்தது. நிறுவைக்காரர் தராசைத் தொங்கவிட்டிருந்தார். பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வரிசையாக வந்தார்கள். மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாததால் மீனம்மா தன் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் பலகைத் துண்டு வைத்து, கடிதத்தை விரித்து, தன் முக்காட்டுத் துணியை மேலே பிடித்தாள். யாரோ கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். சிசிலி வாசித்தாள். தன் தவற்றை எழுதிய பக்கம் வந்தபோது குரல் தடுமாறியது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. வாசித்து முடிந்ததும் முதல் ஆளாகப் பேச்சியம்மா என்பவள் குனிந்து, கையைச் சாக்கில் துடைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். பிறகு அடுத்தவள். துடைத்தும் போகாத கொழுந்துச் சாறு விரல்களில் கறுத்துக் கிடந்தது. பேனாவைப் பிடித்த இடமெல்லாம், தாளை அழுத்திய இடமெல்லாம் அந்தக் கறை படிந்தது.

“நேரம் போகுது, மலைக்குப் போங்க!” என்று வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை மேலே இருந்து சத்தம் போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் இத வேற தாள்ல சுத்தமா எழுதிட்டு வர்றேன்” என்றாள் சிசிலி. “அழுக்காயிருச்சுன்னு திருப்பி அனுப்பிருவாங்க.”

“வேணாம்” என்றாள் மீனம்மா, துணியை இறக்காமல். “இப்படியே போகட்டும்.”

மேல்மலையிலிருந்து இன்னும் பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், தலையில் கூடைக் கயிறு இழுக்க, கைகளைச் சேலையில் துடைத்தபடி. தூறல் சாய்வாக அடித்து, முதல் பெயரின் மை மெல்லக் கரைந்து கறையோடு சேர்ந்தது. அதற்குக் கீழே அடுத்தவள் அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.